பின்கட்டு அறையில் பதினோரு டிகிரி

டோங்காங் ஊருக்குக் குளிர்காலத்தைக் கொண்டுவந்தவன் நான்தான். வானிலைக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். தைவானின் தென்கோடியில், டிசம்பர் மாதத்திலும் பனியனோடு மீன் ஏலம் எடுக்கிற ஊரில் குளிர்காலமாவது ஒன்றாவது என்பார்கள். ஆனால் பதினான்கு வருடமாக, வருடம் தவறாமல், அது என் வீட்டுக் கீழ்த்தளத்துக்கு வந்து தங்கிவிட்டுப் போகிறது. கதவைத் திறந்தால் மூக்கு விறைக்கும். ஒருமுறை பனிக்கரடி ஒன்று முகவரி விசாரித்துக்கொண்டு வந்தது.

தம்பி லியாவ், சிரிக்காதே. எல்லாவற்றையும் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் வீட்டுக்கு ஆள் அனுப்புவேன் என்று சொன்னவன் நீதான். உன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் துறைமுகக் கால்வாயில் திமிங்கிலம் ஒதுங்கியிருக்கிறது என்று நான் சொன்னதை நம்பி, நான்கு பேரோடு கயிறும் கையுமாக ஓடினாய். அது யாரோ வீசிய இரட்டை மெத்தை. அன்று முதல் இந்தப் போலீஸ் ஸ்டேஷனில் நான் 'மணி பத்து' என்று சொன்னால்கூட எல்லோரும் கடிகாரத்தைப் பார்க்கிறீர்கள். ஊரில் எனக்குப் பீரங்கி தியென்ஃபா என்று பெயர். சத்தம் மட்டும்தான், குண்டு கிடையாது என்று அர்த்தம்.

வீட்டுச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டேன். காலை ஒன்பது மணியிலிருந்து அங்கேயே கிடக்கிறது.

முதலில் செடிகளைப் பற்றி எழுதிவிடுகிறேன். பூச்சி தின்னும் செடிகள். ஈப்பொறி என்று ஒன்று; பல் வைத்த வாய் போல இலை, ஈ உட்கார்ந்தால் மூடிக்கொள்ளும். குழல்செடி என்று இன்னொன்று. உள்ளே விழுந்தது வெளியே வராது. இரண்டும் குளிர்தேசத்துப் பிறவிகள். அங்கே குளிர் வந்ததும் இலையெல்லாம் கருகி, செத்த மாதிரி கிடந்து, வசந்தத்தில் எழுந்துகொள்ளும். நம் ஊரில் அவற்றைத் தூங்கச் சொல்ல ஆளில்லை. வருடம் முழுக்கப் பச்சை, வருடம் முழுக்க வாயைப் பிளந்துகொண்டு இரை தேடல். பார்க்கிறவர்கள் ஆகா என்ன செழிப்பு என்பார்கள். மூன்றாம் வருடம் ஒரு காலையில் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். ஓய்வில்லாமல் செத்தது என்று யாருக்கும் தோன்றாது. தண்ணீர் சரியில்லை என்பார்கள்.

நான் துறைமுகக் குளிர்கிடங்கில் முப்பத்தெட்டு வருடம் மெக்கானிக். சூரை மீனை மைனஸ் அறுபதில் வைக்கிற இடம். அங்கே என் மீசை ஒருமுறை ஒடிந்து விழுந்திருக்கிறது. சரி, நுனி மட்டும். ஓய்வு பெற்ற பிறகு, கண்ணாடிக் கதவு வைத்த பழைய குளிர்பானப் பெட்டிகள் இரண்டை வாங்கி, ஐந்து டிகிரியில் நிறுத்தி, என் செடிகளை ஈரப்பாசியில் சுற்றி உள்ளே வைத்தேன். அவை பிழைத்தன. செய்தி பரவியது. அதன்பின் வருடாவருடம் முந்நூறு பேர், சரி, முப்பத்தொரு பேர், டிசம்பர் கடைசியில், அரிசி உருண்டைப் பண்டிகை வாரத்தில் தங்கள் செடிகளை டப்பாவில் போட்டுப் பெயர் எழுதி என்னிடம் விட்டுப்போவார்கள். சந்திரப் புத்தாண்டு கழிந்து, பதினைந்தாம் நாள் விளக்குத் திருவிழா முடிந்ததும் வந்து எடுத்துக்கொள்வார்கள். கைமாறாக ஒரு பை தண்ணீர் ஆப்பிள் பழம். அவர்களிடம் நான் சொல்கிற புத்திமதி எப்போதும் ஒன்றுதான். கறுத்துவிட்டதே என்று தூக்கி எறியாதே. கிழங்கை அழுத்திப் பார். உறுதியாக இருந்தால் உயிர் இருக்கிறது. நாள் வருமுன் எழுப்பாதே. பாதியில் எழுந்தது பிழைக்காது.

என் மனைவி சூச்சின். அறுபத்தேழு வயது. துறைமுகக் கொட்டகையில் சிவப்புப் பொடி இறாலைத் தரம் பிரிக்கிற வேலையில் இருபத்தைந்து வருடம் இருந்தவள். வேலையை விட்ட பிறகும் விரல்கள் நிற்கவில்லை. விடியுமுன் எழுந்து பெருக்குவாள். பெருக்கிய இடத்தை மறுபடி பெருக்குவாள். படுத்தால் புரளுவாள். மூன்று மருத்துவர்களிடம் கூட்டிப்போனேன். மூவரும் தூக்க மாத்திரை கொடுத்தார்கள். அவள் ஒன்றைக்கூடத் தொடவில்லை. எல்லாம் அலமாரியில் சேர்ந்தது.

“எனக்குத் தூக்கம் வராத வியாதி எல்லாம் ஒண்ணும் இல்லீங்க,” என்றாள். “நீங்க வாயை மூடுறதே இல்ல. அதுதான் வியாதி. அதுக்கு மாத்திரை இருந்தா வாங்கிட்டு வாங்க. நானே ஊட்டி விடுறேன்.”

வேடிக்கையாகப் பேசுவாள். இதை நான் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

போன வருடம் இதே பருவத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. பின்கட்டு அறையில் படுக்கவைத்தேன். பெட்டிகளில் இடம் போதாதபோது செடிகளை வைக்க நான் தயார் செய்திருந்த அறை அது. கிடங்கில் கழித்துப்போட்ட, குளிரை வெளியே விடாத பலகைகளைச் சுவரில் பதித்து, ஒரு குளிர் இயந்திரமும் பூட்டியிருந்தேன். கஞ்சியில் அந்த மாத்திரைகளைக் கரைத்துக் கொடுத்தேன். நூறு நாள் தூங்கினாள். சரி, பதினோரு நாள். எழுந்தபோது அவள் முகம், கழுவிய தட்டு மாதிரி பளிச்சென்று இருந்தது. மூன்று கிண்ணம் சோறு சாப்பிட்டாள். அதைப் பார்க்க எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதினால் மிகைப்படுத்துகிறேன் என்பாய்.

செடிக்காரர்கள் எல்லோரும் வந்திருந்த அன்று நான் மறைக்காமல் சொன்னேன். என் பெண்டாட்டியையே குளிர் உறக்கத்தில் வைத்து எழுப்பிவிட்டேன் என்று. மீன்வலைக் கடைக்காரர் காவ் வாயிலிருந்த தேநீரைத் துப்பிவிட்டார்.

“ஏன்டா பீரங்கி, டப்பாவுல போட்டுப் பேர் எழுதி ஒட்டினியா இல்லியா?”

கெட்டிலோடு வந்த சூச்சினும் சிரித்தாள். “ஆமாண்ணே, பாசியெல்லாம் சுத்தித்தான் வச்சிருந்தாரு. இன்னும் காதுக்குள்ள இருக்கு பாருங்க.”

கஞ்சி விஷயம் அவளுக்குத் தெரியாது. சொல்ல வேண்டிய அவசியம் வரவில்லை.

அவள் தங்கை யூலான் கிழக்குக் கரையில் தைதோங் ஊரில் தனியாக இருக்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து, நாற்பத்தோரு வருடமாக, நான் சொன்ன ஒரு வார்த்தையையும் அவள் நம்பியது இல்லை. போனில் அவளிடமும் சொன்னேன்.

“அக்காவை நூறு நாள் தூங்க வச்சீங்களா? அத்தான், நீங்க அரைமணி நேரம் சும்மா இருந்தாலே அவ தூங்கிடுவா. அதைச் செய்ங்க முதல்ல, உங்களுக்கு மாலை போடுறேன்.”

ஆக, நான் உண்மையை எல்லோர் முன்னாலும் சொன்னேன். அதை நீ குறித்துக்கொள்ள வேண்டும், தம்பி. எதையும் ஒளிக்கவில்லை.

பிறகு ஒரு வருடம் போனது. சூச்சின் ஓயவே இல்லை. கோயில் திடலில் நடன வகுப்புக்குப் போனாள். யூலானிடம் கற்றுக்கொண்டு, போனில் தினமும் பூப்படம் போட்டுக் காலை வணக்கம் அனுப்பினாள். எங்கள் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. காலையில் படம் வந்தால் அனுப்பியவர் உயிரோடு இருக்கிறார் என்று அர்த்தம். வராவிட்டால் மதியத்துக்குள் யாராவது கதவைத் தட்டுவார்கள். நாற்பது வருடத்தில் செய்யாத அளவுக்கு வெளியே போய் வந்தாள். கன்னத்தில் நிறம் ஏறியது. காவின் மனைவி பார்த்துவிட்டு, பத்து வயது குறைந்துவிட்டதே என்றாள். செடி தெரியாதவர்கள் பேசுகிற பேச்சு.

டிசம்பரில் ஒரு பெட்டி வாங்கினாள். ஊதா நிறம், சக்கரம் வைத்தது.

“அரிசி உருண்டைப் பண்டிகையை உங்களோட இருந்து சாப்பிட்டுடுறேன்,” என்றாள். “மறுநாள் யூலான்கிட்டப் போறேன்.”

“எத்தனை நாளைக்கு?”

“போறேன்னா போறேன். நாள் எல்லாம் எண்ணலை.”

“நான் என்ன செய்வேன்?”

“நீங்களும் உங்க செடியும் சௌக்கியமா இருங்க. பேச்சுத் துணைக்கு முப்பத்தொரு டப்பா இருக்குதே.”

கோபமாகச் சொல்லவில்லை. இறாலைக் கூடையில் போடுகிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஓய்வு கிடைக்காத ஈப்பொறி சாகும் முன் என்ன செய்யும் தெரியுமா? உயரமாக ஒரு பூத்தண்டை விடும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்தப் பூவுக்கு இருக்கிற சத்தையெல்லாம் கொடுத்துவிட்டு அடியோடு போய்விடும். அதனால் வளர்க்கிறவன் மனதைக் கல்லாக்கிக்கொண்டு, விரல் நீளத்தில் இருக்கும்போதே தண்டை நறுக்கிவிடுவான். ஊதாப் பெட்டியைப் பார்த்தபோது எனக்கு அந்தத் தண்டுதான் ஞாபகம் வந்தது. அவள் என்னை விட்டுப் போவது பற்றி எனக்கு ஒன்றும் இல்லை. அவள் உடம்பைப் பற்றித்தான் கவலை.

பண்டிகை அன்று உருண்டைகளை நானே பிடித்தேன். உள்ளே எள்ளும் சர்க்கரையும். இஞ்சிப் பாகில் மாத்திரையைக் கரைத்தேன். ஏழு உருண்டை சாப்பிட்டாள்.

“என்னங்க, பாகு கசக்குது?”

“இஞ்சி முத்தல்.”

“பரவாயில்ல. நாற்பது வருஷத்துல முதல் தடவையா சமைச்சிருக்கீங்க. குத்தம் சொல்லக் கூடாது,” என்று கிண்ணத்தைக் கவிழ்த்துக் குடித்தாள். குடித்தபின் என் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

செடிகளுக்கு ஐந்து டிகிரி. அவளுக்குப் பதினொன்று. செடியையும் மனைவியையும் ஒன்றாக நினைக்கிறவன் இல்லை நான். மெல்லிய போர்வை ஒன்று, கம்பளி உறை காலுக்கு ஒன்று. கனமாகப் போர்த்தினால் குளிர் இறங்காது. திரை போட்டு வெளிச்சத்தை மறைத்தேன். பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். ஒரு நாளைக்கு இரண்டு முறை அவளைத் தூக்கி உட்காரவைத்து, மாத்திரை கரைத்த கஞ்சியைக் கரண்டியால் கொடுப்பேன். கண் திறக்காமல் விழுங்குவாள். கழிப்பறைக்கு என் தோளில் சாய்ந்தபடி நடப்பாள். அந்த நாட்களில் நாங்கள் மிகவும் நெருக்கமாக இருந்தோம். நான் எது சொன்னாலும் கேட்டுக்கொண்டிருந்தாள். திமிங்கிலக் கதையை முழுசாக, நடுவில் மறிக்காமல், முதல் முறையாகக் கேட்டாள்.

ஊராரிடம், தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொன்னேன். தங்கைக்கு அவள் போனிலிருந்தே செய்தி அனுப்பினேன். அத்தானோடு வடக்கே வெந்நீர் ஊற்றுக்குப் போகிறேன், தொண்டை கட்டியிருக்கிறது, பேச முடியாது என்று. காலை வணக்கத்தை மட்டும் நிறுத்தவில்லை. ஒருநாள் ரோஜா, ஒருநாள் ஆர்க்கிட், ஒருநாள் ஆவி பறக்கும் தேநீரோடு தாமரை. ஐந்து நாற்பதுக்கு அனுப்பிவிடுவேன். யூலானும் பதில் படம் போடுவாள். கூடவே ஒரு வரி எழுதுவாள். 'ரூம்ல புது மெத்தை போட்டுட்டேன்கா.' 'ஜன்னலைத் திறந்தா கடல் தெரியுது.' 'அந்த மனுசன் விட மாட்டேங்குறாரா? நான் வந்து கூட்டிட்டு வரட்டா?' அதற்குக் கட்டைவிரல் படத்தை அழுத்தினேன்.

புத்தாண்டுக்கு முந்தின நாள் வெயில் கொளுத்தியது. அப்படி ஒரு வெயில், தெருவில் மீன் தானாகவே வறுபட்டது. சரி, வெப்பம் இருபத்தொன்பது. பெட்டிகளைக் கவனித்துக்கொண்டிருந்ததில் மதியக் கஞ்சி தாமதமாகிவிட்டது. திரும்பிப் பார்த்தால் சூச்சின் அறை வாசலில், சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

“இன்னைக்கு என்ன தேதிங்க?”

சொன்னேன்.

“ராத்திரி விருந்துக்கு ஒண்ணும் வாங்கலையே. யூலான் காத்துட்டிருப்பா. என் பெட்டி எங்க?”

“இன்னும் நாள் வரலை. படு.”

“குளிருதுங்க.”

“குளிரணும். அப்பதான் நல்லது.”

என்னையே பார்த்தாள். அரிசி உருண்டை நாளிலிருந்து அவள் என்னை அப்படிப் பார்த்தது அப்போதுதான். எதையோ எண்ணிக் கணக்குப் பார்ப்பது போல இருந்தது. பிறகு மிக மெதுவாக, “காய்ச்சல் அப்பவும் நீங்கதானா?” என்றாள்.

பதில் சொல்வதற்குள் கால் மடங்கி விழுந்துவிட்டாள். தூக்கிக்கொண்டுபோய்ப் படுக்கவைத்து, அன்றைய கஞ்சியையும் விட்டுப்போனதற்கு ஈடாக இன்னொன்றையும் கொடுத்தேன். பாதியில் எழுந்தது பிழைக்காது. பதினான்கு வருட அனுபவத்தில் சொல்கிறேன்.

புத்தாண்டின் மூன்றாம் நாள் அவள் விழுங்குவதை நிறுத்தினாள். ஆழ்ந்த உறக்கத்தில் செடிக்குத் தண்ணீரே தேவைப்படாது. எனவே நான் வற்புறுத்தவில்லை. விரல் நுனிகள் கறுக்கத் தொடங்கின. செடி வளர்க்காதவன் அந்த இடத்தில் பதறியிருப்பான். நான் மணிக்கட்டை அழுத்திப் பார்த்தேன். உறுதியாக இருந்தது.

பன்னிரண்டு நாள் காத்திருந்தேன். தம்பி, இந்தக் காகிதத்தில் நான் எழுதியிருக்கிற எண்களில் இதை மட்டும் குறைக்க வேண்டாம்.

நேற்று செடிக்காரர்கள் வந்தார்கள். முப்பத்தொரு டப்பாவிலும் உயிர் இருந்தது. ஒன்றுகூடப் போகவில்லை, அப்படி ஒரு வருடம் இதுவரை அமைந்ததில்லை. காவ் தன் குழல்செடிக் கிழங்கில் வெள்ளை முளையைப் பார்த்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தார். “பீரங்கி, நீ ஆயிரம் பொய் சொன்னாலும் கை மட்டும் சுத்தம்டா” என்றார். அவர்கள் போன பிறகு பின்கட்டுக்குப் போய் இயந்திரத்தை நிறுத்தினேன். திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கினேன். ஒரேயடியாக வெளிச்சம் காட்டக் கூடாது. பெட்டியை இழுத்து அவள் கண்ணில் படுகிற மாதிரி வைத்தேன். நான் கெட்டவன் இல்லை. எழுந்ததும் போகட்டும் என்றுதான் நினைத்தேன்.

மாலை வரை உட்கார்ந்திருந்தேன். இன்று காலையும் கொஞ்ச நேரம். பிறகு இங்கே வந்தேன். எங்கே பிழை நடந்தது என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். அந்தப் புத்தாண்டுக்கு முந்தின நாள் வெயில்தான் காரணம். கஞ்சி அரைமணி தாமதமாகாமல் இருந்திருந்தால் இன்று அவள் வந்து உன் முன்னால் உட்கார்ந்து என்னைத் திட்டிக்கொண்டிருப்பாள்.

இங்கே நிறுத்திக் கையெழுத்துப் போட இருந்தேன். அதற்குள் நீ போன் செய்து வரவழைத்த யூலான் வந்துவிட்டாள். தைதோங்கிலிருந்து ரயில். கையில் ஒரு பை, அக்காவுக்குச் சீதாப்பழம். நடந்ததையும் எழுதிவிடுகிறேன், பின்னால் யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது.

நான் எழுதிய பக்கங்களை அவளிடம் நீட்டினாய். கடைசிப் பக்கத்தில் நாலு வரி படித்துவிட்டு மேசைமேல் போட்டாள்.

“தம்பி, உங்களுக்கு வேற வேலை இல்லையா? இதுக்காகவா என்னை மூணு மணி நேரம் ரயில்ல வரச் சொன்னீங்க? போன வருஷம் நூறு நாள், இந்த வருஷம் இது. அடுத்த வருஷம் அக்காவை நிலாவுக்கு அனுப்பி வச்சேன்னு சொல்வாரு.”

“அம்மா, கடைசியா உங்க அக்காகூட எப்பப் பேசினீங்க?” என்று கேட்டாய்.

“பேசலை. தொண்டை கட்டியிருக்கு அவளுக்கு. ஆனா தினம் படம் வருது. இன்னைக்குக்கூட வந்துச்சே, ஐஞ்சு நாற்பதுக்கு. இதோ பாருங்க, தாமரை. செத்தவளா தாமரை அனுப்புவா?” போனை உன் முகத்துக்கு நேராக நீட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். “அத்தான், உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா? அவ எங்க? எந்த ஓட்டல்ல விட்டுட்டு வந்தீங்க?”

நாற்பத்தோரு வருடம். ஒருமுறைகூட நம்பியதில்லை. நான் அவளிடம் வாதம் செய்யவில்லை. சட்டைப்பையிலிருந்து சூச்சினின் போனை எடுத்தேன். அதில் அவள் தொங்கவிட்டிருந்த சின்ன இறால் பொம்மை ஆடியது. நாளைக்கு என்று ஒரு படம் எடுத்து வைத்திருந்தேன். மஞ்சள் செவ்வந்தி, 'காலை வணக்கம், உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்' என்று. அதை அழுத்தினேன்.

யூலானின் கையில் போன் சிணுங்கியது.

பார்த்தாள். விரலால் மேலே தள்ளினாள். ரோஜா, ஆர்க்கிட், தாமரை, ஐந்து நாற்பது, ஐந்து நாற்பது, ஐந்து நாற்பது. வெகுநேரம் தள்ளிக்கொண்டே இருந்தாள். அரிசி உருண்டை நாள்வரை போய் நின்றிருப்பாள் என்று நினைக்கிறேன். சீதாப்பழப் பை மடியிலிருந்து சரிந்து, ஒரு பழம் தரையில் உருண்டது. யாரும் குனியவில்லை.

நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதாவது நம்புகிறேன் என்று சொல்லுவாளா என்று.

மேசைமேல் கிடந்த சாவியை எடுத்து உன் பக்கம் தள்ளினாள்.

“போங்க தம்பி,” என்றாள். “இந்த மனுசன் நிஜத்தைத்தான் எழுதியிருக்காரு. நடந்திருக்கு.”